கத்திக்கு முன்னும் பின்னும்

(நமது சங்கத்தின் தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரை)



சங்கக் கூட்டம் என்றால் சம்பளத்தைப் பற்றிப் பேசுவார்கள், வீட்டைப் பற்றிப் பேசுவார்கள். இன்றைக்கு ஒரு மிஸ்ஸி வந்து ஆப்பரேஷனைப் பற்றிப் பேசப் போகிறாளே, இதற்கும் சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. கடைக்காரருக்குச் சரக்குதான் முதல். வட்டிக்கு விடுபவருக்குப் பணம் முதல். நமக்கோ கையும் காலும் இடுப்பும்தான் முதல். அந்த முதலில் கத்தி வைக்கும் நாள் வந்தால், அதைச் சேதமில்லாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? இதுதான் என் பேச்சு.

நான் லயத்தில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள். நான் தாதியாகி, அறுவைச் சிகிச்சை வார்டுகளில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நான் தாதியானதற்குக் காரணம் என் அப்பாவின் ஆப்பரேஷன்தான். முதலில் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1967-ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. மேட்டுக் காட்டிலிருந்து காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கி இறங்கி இறங்கி, அப்பாவுக்குக் குடல் இறக்கம் வந்துவிட்டது. தொடை மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போகும், தூக்கினால் வெளியே வரும். வெட்கத்தால் இரண்டு வருஷம் அம்மாவைத் தவிர யாரிடமும் அவர் சொல்லவில்லை. கடைசியில் தோட்டத்து டிரெஸ்ஸர் பார்த்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார்.

ஆப்பரேஷன் அன்று காலையில் பாட்டியும் நானும் போனோம். "வெறும் வயிற்றோடு கத்திக்குப் போகலாமா?" என்று பாட்டி மறைத்துக் கொண்டுவந்த காப்பியையும் ரொட்டியையும் அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார். சற்று நேரத்தில் ஒரு சீன மிஸ்ஸி வந்து, "சுடா மக்கான்?" என்று கேட்டார். அப்பா, "பெலும்" என்றார். சாப்பிடவில்லை என்று அவர் சொன்னதும் நான் வாயை அடக்கமாட்டாமல், "பாட்டி ரொட்டி கொடுத்தாங்களே!" என்று தமிழில் சொல்லிவிட்டேன். தமிழ் தெரிந்த தோட்டி ஒருவர் அதை மிஸ்ஸியிடம் சொன்னார். அவ்வளவுதான். அன்றைய ஆப்பரேஷன் நின்றது. அடுத்த வாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு வாரக் கூலி போயிற்று. அப்பா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அடுத்த வாரம் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தார். பன்னிரண்டாம் நாள் தண்டல் ஆள் அனுப்பினார்: "நாளை பெரட்டுக்கு வராவிட்டால் நிரையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்." அப்பா போனார். வாளியைத் தூக்கினார். அந்த மாதம் முடிவதற்குள் எலுமிச்சம்பழம் திரும்ப வந்துவிட்டது. அதன் பிறகு அவர் இடுப்பில் வார் கட்டிக்கொண்டுதான் காலத்தை ஓட்டினார். பால் தூக்கும் வேலை அம்மாவின் தோளுக்கு மாறியது.

டாக்டர் தம் வேலையைச் சரியாகத்தான் செய்தார். கெட்டுப்போனது கத்திக்கு முன்னும் பின்னும். கத்தி வேலை ஒரு மணி நேரம். அதற்கு முன்னால் சில நாட்கள், அதற்குப் பின்னால் சில வாரங்கள். அந்த நாட்களைக் காப்பவர் தாதி. ஆனால் தாதி ஒருத்தியால் மட்டும் முடியாது. பாதி வேலை நோயாளியின் கையிலும், அவர் குடும்பத்தின் கையிலும், அவரை வேலைக்கு அழைக்கிறவரின் கையிலும் இருக்கிறது.

உள்ளதைச் சொல்லுங்கள்

ஆப்பரேஷனுக்கு நாள் குறித்ததும் டாக்டரும் தாதியும் பல கேள்விகள் கேட்பார்கள். போலீஸ் விசாரணை என்று எண்ணிப் பயந்து மறைக்காதீர்கள். இனிப்பு நீர் உண்டா, இரத்தக் கொதிப்பு உண்டா, இழுப்பு உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் உடம்பு தடித்ததா, முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது தொல்லை வந்ததா, ஆடுகிற பல் உண்டா: ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை மறைத்தால், கத்தி வைத்த இடத்தில் இரத்தம் நிற்காது. நாட்டு மருந்து, ஜாமு, கடையில் வாங்கிய வலி மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பாட்டிலையும் உறையையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஆனால் நீங்களாகவே எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

சுருட்டும் சிகரெட்டும் பிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்னால் விட்டுவிட்டால், புண் ஆறுவதிலும் மூச்சிலும் வரும் தொல்லை குறையும். அதற்கு நாள் போதாதவர்கள் இன்றே விடட்டும். அதுவும் நன்மைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். யாரும் கோபிக்கக் கூடாது. தினமும் சம்சு குடிப்பவர், "நான் குடிப்பதே இல்லை" என்று மிஸ்ஸியிடம் சொல்லிவிடுவார். மனைவி பக்கத்தில் நிற்பாள், ஊர் மானம் போய்விடும் என்று அவளும் வாய் திறக்கமாட்டாள். ஆப்பரேஷன் நன்றாக முடியும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்த மனிதருக்குக் கை நடுங்கும், வியர்க்கும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஊசிக் குழாயைப் பிடுங்குவார். பேய் பிடித்துவிட்டது என்று உறவினர் அழுவார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை. தினமும் குடித்த உடம்பு திடீரென்று குடி நின்றதால் படும் பாடு அது. உயிருக்கே ஆபத்தானது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதற்கு மருந்து இருக்கிறது, வராமலே தடுத்திருப்போம். வார்டில் எத்தனையோ இரவுகளில் இதைப் பார்த்தவள் சொல்கிறேன்: தாதியிடம் சொல்வது ஊரிடம் சொல்வதாகாது.

வெறும் வயிறு ஏன்?

அந்தச் சீன மிஸ்ஸி ரொட்டிக்காக ஏன் ஆப்பரேஷனை நிறுத்தினார் என்பது, பயிற்சிக்குப் போன பிறகுதான் எனக்கு விளங்கியது. நம் தொண்டையில் இரண்டு வழிகள். ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நுரையீரலுக்கு. விழித்திருக்கும்போது ஒரு சோறு தவறிப் போனாலும் புரையேறி இருமுகிறோம். அந்த இருமல்தான் காவல்காரன். மயக்க மருந்து கொடுத்தால் காவல்காரனும் தூங்கிவிடுகிறான். வயிற்றில் உள்ள சோறும் புளித்த நீரும் மேலே வந்து நுரையீரலுக்குள் இறங்கினால் தடுப்பார் இல்லை. நியூயார்க்கில் கர்ட்டிஸ் மெண்டல்சன் என்ற டாக்டர், பிரசவத்தின்போது மயக்க மருந்து பெற்ற தாய்மார்களுக்கு இவ்வாறு நேர்ந்ததை ஆராய்ந்து, 66 பேரின் விவரத்தை 1946-இல் வெளியிட்டார். அதன் பிறகே வெறும் வயிறு என்ற விதி உறுதிப்பட்டது.

இன்றைய விதி பொதுவாக இதுதான்: சோறு, ரொட்டி, மாட்டுப்பால் ஆகியவை 6 மணி நேரத்துக்கு முன்போடு நிற்க வேண்டும். எண்ணெயில் பொரித்ததும் கறியும் அதற்கும் முன்பாகவே நிற்க வேண்டும். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை பெரியவர்களுக்குக் கொடுக்கலாம். பால் ஊற்றிய தேநீரும் மைலோவும் தண்ணீர்க் கணக்கில் சேராது, அவை சாப்பாட்டுக் கணக்கு. ஆனால் உங்கள் ஆஸ்பத்திரி சொன்ன நேரம் எதுவோ அதைத்தான் பின்பற்ற வேண்டும். இனிப்பு நீர்க்காரர்கள், "பட்டினி கிடக்கும் காலையில் என் மாத்திரையை, என் ஊசியை என்ன செய்வது?" என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தவறிப்போய்ச் சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். ஒரு வாரக் கூலி போகலாம். போன கூலியைச் சம்பாதித்துவிடலாம்.

கைரேகைக்கு முன்னால்

சங்கத்தில் நாம் ஒன்று கற்றிருக்கிறோம். புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. ஆஸ்பத்திரிக் காகிதத்துக்கும் அது பொருந்தும். என்ன ஆப்பரேஷன், எந்தப் பக்கம், என்ன நன்மை, என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆகும்: இவற்றை டாக்டர் உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். விளங்கவில்லை என்றால், "விளங்கவில்லை" என்று சொல்வதில் வெட்கமில்லை. தமிழ் தெரிந்தவரை அழைத்து விளக்கச் சொல்லுங்கள். கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். மலாயில் வரும் ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் தேதியும் நேரமும் மட்டும் படித்துச் சொல்லி நிறுத்தாமல், பட்டினி நேரம், கொண்டுபோக வேண்டியவை எல்லாவற்றையும் நிதானமாகப் படித்துக் காட்டுங்கள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்பார்கள். "இவர்களுக்கு ஞாபகசக்தியே இல்லையா?" என்று சலிக்காதீர்கள். ஒரே பெயருள்ள இரண்டு பேர் ஒரே வார்டில் இருப்பது நம்மவரிடையே சகஜம். 2008-இல் உலகச் சுகாதார நிறுவனம், ஆப்பரேஷன் அறையில் சரிபார்க்க வேண்டியவற்றை ஒரு பட்டியலாக்கியது. பெயர் என்ன, இடம் எது, ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று மயக்கத்துக்கு முன்பும், கத்திக்கு முன்பும், அறையை விட்டு வெளியே வரும் முன்பும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். எட்டு நாடுகளின் எட்டு ஆஸ்பத்திரிகளில் இதைச் சோதித்த முடிவு 2009-இல் வந்தது. நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்திருந்தது. ஒரு துண்டுக் காகிதமும் நான்கு கேள்வியும் இவ்வளவு உயிரைக் காக்குமென்றால் நாலு தடவை பெயர் சொல்வதில் நமக்கென்ன நஷ்டம்? டாக்டர் உங்கள் உடம்பில் பேனாவால் அடையாளம் இட்டால், அழுக்கு என்று தேய்த்துக் கழுவிவிடாதீர்கள். எந்தப் பக்கம் கத்தி வைக்க வேண்டும் என்பதற்கான குறி அது.

சோப்பும் அரைஞாணும்

முதல் நாளோ அன்று காலையோ சோப்புப் போட்டுக் குளியுங்கள். தொப்புளையும் மடிப்புகளையும் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் தேய்க்க வேண்டாம். வீட்டிலேயே பிளேடால் முடியைச் சிரைத்துக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள். அது உபகாரமல்ல. பிளேடு போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல். அந்தக் கீறல்தான் கிருமிக்கு வாசல். முடியைச் சிரைக்கக் கூடாது, அவசியமானால் மெஷினால் கத்தரிக்கலாம் என்று 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருக்கிறது.

நகப்பூச்சையும் உதட்டுச் சாயத்தையும் துடைத்துவிடுங்கள். உடம்பில் பிராணவாயு போதுமா என்பதை விரலில் மாட்டும் கருவியும் உதட்டின் நிறமும்தான் எங்களுக்குச் சொல்லும். கட்டுப்பல்லைக் கழற்றிக் கொடுங்கள். மோதிரம், தாயத்து, தாலி, அரைஞாண் கயிறு எல்லாம் கழற்றச் சொல்வார்கள். அங்கேதான் அழுகை வரும். இரத்தக் குழாயைச் சுட்டு அடைக்கும் மின்சாரக் கருவியை உள்ளே உபயோகிக்கிறார்கள், ஆகவே உலோகம் உடம்பில் இருப்பது நல்லதல்ல. வயிற்றிலும் தொடை மடிப்பிலும் கத்தி வைக்கும்போது இடுப்புக் கயிறு சுத்தத்துக்கும் இடைஞ்சல். தாதிகளுக்கும் சொல்கிறேன். கத்தரிக்கோலை நீட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள். காரணத்தைச் சொல்லி, அவர்கள் கையாலேயே கழற்ற வைத்து, வீட்டாரிடம் ஒப்படையுங்கள். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாத தாய், வேறு வழி உண்டா என்று கேட்கட்டும். தோலோடு ஒட்டுத்துணி போட்டு மூட இடம் கொடுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. மரியாதையோடு கேட்டால் நம் ஜனங்கள் எதையும் மறுப்பவர்கள் அல்ல.

கண் விழிக்கும் நேரம்

ஆப்பரேஷன் முடிந்து வெளியே வந்ததும் தாதி சில நிமிஷத்துக்கு ஒரு தடவை நாடி பார்ப்பாள், இரத்த அழுத்தம் பார்ப்பாள், மூச்சை எண்ணுவாள், கட்டைப் புரட்டிப் பார்ப்பாள், பெயர் சொல்லி எழுப்புவாள். "தூங்க விடமாட்டேன் என்கிறாளே!" என்று வீட்டார் முணுமுணுப்பார்கள். உள்ளே இரத்தம் கசிந்தால் வெளியே தெரியாது. நாடி வேகமாவதும் அழுத்தம் இறங்குவதும்தான் அதைக் காட்டிக்கொடுக்கும். அவள் தூக்கத்தைக் கெடுக்கவில்லை, உயிருக்குக் காவல் இருக்கிறாள்.

அந்த நேரத்தில் நோயாளி, "தண்ணீர், தண்ணீர்" என்பார். பெற்ற மனம் கேட்காது. கரண்டியால் ஊற்றிவிடத் தோன்றும். கூடாது. தொண்டைக் காவல்காரன் இன்னும் முழுதாய் விழிக்கவில்லை. தாதி சொன்ன பிறகு கொடுங்கள். அதுவரை ஈரத்துணியால் உதட்டை நனைத்தால் போதும். முதுகில் மருந்து ஊசி போட்டு ஆப்பரேஷன் செய்தவருக்குச் சில மணி நேரம் கால் மரத்திருக்கும். தானாக இறங்கி நடந்தால் விழுந்துவிடுவார். அவருக்குச் சிறுநீர் பிரியத் தாமதமாவதும் உண்டு. ஆறு மணி நேரமாகியும் பிரியவில்லை, வயிறு முட்டுகிறது என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

வலியைத் தாங்குவது வீரமல்ல

நம் ஜனங்களிடம் ஒரு குணம் உண்டு. மழையில் நனைந்து, கொசுக்கடியில் நின்று, உளி பட்ட கையோடு வேலை செய்து பழகியவர்கள். வலிக்கிறதா என்று கேட்டால், "பரவாயில்லை" என்பார்கள். முகத்தைப் பார்த்தால் வியர்வை. நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2008-ஆம் ஆண்டிலேயே, நாடி, மூச்சு, சூடு, இரத்த அழுத்தம் இவற்றோடு ஐந்தாவதாக வலியையும் அளந்து எழுத வேண்டும் என்று உத்தரவிட்டது. "பூஜ்யத்திலிருந்து பத்துவரை உன் வலி எவ்வளவு?" என்று தாதி கேட்பாள். எட்டு என்றால் எட்டு என்று சொல்லுங்கள்.

இது சுகத்துக்காக மட்டும் அல்ல. வலித்தால் வயிற்றை அசைக்கப் பயந்து மேல்மூச்சு விடுவோம். நுரையீரலின் அடிப்பாகம் காற்றில்லாமல் ஒட்டிக்கொள்ளும். சளி தேங்கும், காய்ச்சல் வரும். ஆகவே வலி மருந்தைக் கேட்டு வாங்குங்கள். வலி குறைந்த நேரத்தில் மூச்சை ஆழமாக இழுத்து, சற்றே நிறுத்தி, மெதுவாக விடுங்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு தடவை, பத்து மூச்சு. இருமல் வந்தால் அடக்காதீர்கள். ஒரு தலையணையைப் புண்ணின் மேல் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். தையல் பிரிந்துவிடாது.

படுத்தே கிடப்பது ஓய்வல்ல

ஆப்பரேஷன் ஆனவரை வாரக்கணக்கில் கட்டிலைவிட்டு இறக்காமல் வைத்திருந்த காலம் உண்டு. அது தவறு என்று இன்று தெரிந்துவிட்டது. அசையாத காலில் இரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போனால் நொடியில் உயிர் போகும். ஆகவே படுத்திருக்கும்போதே பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள், தையல் மெஷினை மிதிப்பதுபோல. பெரும்பாலான ஆப்பரேஷன்களில் அன்றைக்கோ மறுநாளோ எழுப்பி நடக்க வைப்பார்கள். "இரக்கமில்லாத மிஸ்ஸி" என்று திட்டாதீர்கள். முதல் தடவை மட்டும் தனியாக எழ வேண்டாம். முதலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, தலை சுற்றவில்லை என்று தெரிந்தபின் தாதியின் தோளைப் பிடித்து நில்லுங்கள்.

பார்க்க வருகிற உறவினர் ஒன்று செய்தால் போதும். கையைக் கழுவுங்கள். 1867-இல் ஜோசப் லிஸ்டர், புண்ணில் சீழ் பிடிப்பதைக் கிருமிநாசினியால் தடுக்கலாம் என்று எழுதிய பிறகுதான் அறுவைச் சிகிச்சை பயமில்லாத காரியமாயிற்று. கிருமி இன்றும் கையில்தான் வருகிறது. கட்டிலில் உட்கார வேண்டாம், கட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், லயமே திரண்டு வரவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பின்

வீட்டில் பத்தியம் என்ற பெயரால் பட்டினி போடுகிறார்கள். முட்டை சீழ் வைக்கும், மீன் அரிக்கும், பருப்பு வாயு என்று வெறும் ரசம் சோறு. தாய்மார்களே, புண் ஆறுவது புதுச் சதை வளர்வதால். சதை வளர முட்டையும் மீனும் பருப்பும் கோழியும் வேண்டும். மலாய்க்காரர்கள் ஆப்பரேஷன் ஆனவருக்கு ஹாருவான் மீன், அதாவது நம் விரால், சமைத்துக் கொடுப்பார்கள். நல்ல உணவுதான், கொடுங்கள். டாக்டர் வேறு கட்டுப்பாடு சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி நடவுங்கள். கீரை, பப்பாளி, போதுமான தண்ணீர் கொடுத்து மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடல் இறக்க ஆப்பரேஷன் ஆனவர் முக்கக் கூடாது.

புண்ணின் மேல் மஞ்சள், சாம்பல், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். எப்போது நனைக்கலாம், எப்போது கட்டு மாற்றுவது என்று கேட்டு வந்து அப்படியே செய்யுங்கள். இந்த அடையாளங்களை எல்லோரும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சீழ், நாற்றம், தையல் விரிதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, வயிறு உப்பி ஓயாத வாந்தி. இவற்றில் ஒன்று கண்டாலும் மருத்துவர் கொடுத்த தேதி வரட்டும் என்று காத்திராதீர்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பணம், வண்டி என்று தயங்கினால் கிளைக் காரியதரிசி வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சங்கம் அதற்கும்தான்.

லீவு பிச்சையல்ல

கடைசியாக, என் அப்பாவைக் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். மேல்தோல் ஏழு முதல் பத்து நாளில் ஒட்டிவிடும். தையலும் பிரித்தாகிவிடும். கண்ணாடியில் பார்த்தால் குணமானதுபோல் இருக்கும். ஆனால் தோல் ஒட்டுவது வேறு, உள்ளே தசை வலுப்பெறுவது வேறு. மரப் பட்டையைப் பாருங்கள். வெட்டிய இடத்தில் மேலே லேசாகப் பட்டை மூடியவுடனே மறுபடி வெட்டினால் மரம் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பத்து லிட்டர் பால் ஏறக்குறைய பத்துக் கிலோ. காண்டாவில் இரண்டு பக்கமும் தொங்கும். குடல் இறக்க ஆப்பரேஷன் ஆனவரைப் பாரம் தூக்க வேண்டாம் என்று டாக்டர்கள் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம்வரை தடுக்கிறார்கள். இன்று உள்ளே வலை வைத்துத் தைப்பதால் நடமாட்டம் சீக்கிரம் வருகிறது. ஆனாலும் பாரத்துக்கு நாள் வேண்டும். ஆகவே டாக்டரிடம் வெறுமனே, "எப்போது வேலைக்குப் போகலாம்?" என்று கேட்காதீர்கள். "நான் மேட்டுக் காட்டில் பால் வாளி தூக்குகிறவன். எப்போது தூக்கலாம்? அதுவரை இலேசான வேலைதான் என்று எழுதிக் கொடுப்பீர்களா?" என்று கேளுங்கள். உங்கள் வேலை என்னவென்று சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் நமக்கு இதைக் கொடுத்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவையானால் வருஷத்துக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நோய்க்கு 60 நாள். 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி இந்த 60 நாளும் முன் சொன்ன நாட்களும் தனித்தனி. படுக்க வேண்டிய அளவு நோய் என்று டாக்டர் சான்று கொடுத்தால், வீட்டில் இருந்தாலும் அது ஆஸ்பத்திரி விடுப்பாகவே கணக்காகும். ஆனால் விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும், சான்றிதழும் வேண்டும். வேலையில் அடிபட்டு வந்த ஆப்பரேஷனானால் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவிலும் உரிமை உண்டு. காகிதத்தைப் பெட்டிக்கு அடியில் வைத்து மறந்துவிடாதீர்கள். அன்றே கிராணியிடம் கொடுத்து, கொடுத்ததற்கு அடையாளம் வாங்குங்கள். கிராணிமார்களே, அந்தக் காகிதம் உங்கள் மேஜையில் ஒரு நாள் தூங்கினால் ஒரு தையல் பிரியலாம் என்பதை மறக்க வேண்டாம். இன்று பக்கத்து லயத்தில் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் உடம்பும் உடம்புதான்.

தோழர்களே, அந்தச் சீன மிஸ்ஸியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அப்பாவின் கோபத்தையும் பாட்டியின் வசவையும் வாங்கிக்கொண்டு, அன்று அவர் ஒரு உயிரைக் காப்பாற்றினார். ஆப்பரேஷனுக்குப் பின் அப்பாவைக் காக்க வேண்டியவர்கள் நாங்கள். எங்களுக்கு விஷயம் தெரியவில்லை, தெரிந்த ஒரு நிர்வாகம் எங்களுக்கு வாய்க்கவில்லை. அப்பா பிற்காலத்தில் வாரைக் கட்டிக்கொண்டே என்னிடம் ஒருநாள் சொன்னார்: "அன்னைக்கு நீ ரொட்டியைச் சொன்னது நல்லதாப் போச்சும்மா. தண்டல் ஆள் அனுப்பின அன்னைக்கும் யாராவது அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும்."

அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். இனி உங்கள் லயத்தில் ஆப்பரேஷன் ஆனவர் பன்னிரண்டாம் நாள் வாளியைத் தூக்கினால், வாசலில் நின்று, "அண்ணே, கீழே வையுங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கட்டும். அந்த ஆள் நீங்களாக இருங்கள்.